இடமிருந்து வலம் இறங்கும் கோடு

எங்கள் முன்னாள் தோட்டத்து மக்களின் ஒன்றுகூடலுக்கு நான் வடிவமைத்த நினைவு மலரின் முதல் பிரதிகளில் ஒன்றை வாங்கிய தாத்தா, அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மரம் சீவியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார். மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். தாத்தா என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"ஏம்மா, இந்தப் பெண் எந்த ஊரில் மரம் வெட்டுகிறாள்? கோடு இப்படி இறங்கினால் பால் கொட்டாது, தண்டலின் வசவுதான் கொட்டும்."

சிரித்து வைத்தேன். விழாக்களில் பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள். வீட்டுக்கு வந்து அட்டையை மேசையில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. படத்தை நான் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தேன்.

தோட்டத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டல் என்பவர் வேலையை மேற்பார்ப்பவர். பால்மரப் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்செங்குத்தாக இருப்பதில்லை. சற்றே சாய்ந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. அதனால் மரத்துக்கு முன் நிற்பவரின் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி, ஏறக்குறைய 30 டிகிரிச் சாய்வில் கோடு போட வேண்டும். அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக வரும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நானும் லயத்தில் பிறந்தவள்தான். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு அவருடைய மரவரிசையான நிரைக்குப் போய், பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்தவள். கணினி முன் உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்துபோனது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் சிறிய அச்சுக்கடை வைத்திருக்கிறேன். திருமண அழைப்பிதழ், கருமாதிப் பத்திரிகை, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பதாகை, பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒட்டுப்படம் என்று எது வந்தாலும் செய்வேன். எங்கள் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறி, லயங்களை இடித்து, ஆட்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்குச் சிதறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முன்னாள் தோட்டத்து மக்கள் ஒன்றுகூடலுக்கு மலர் போட வேண்டும் என்று செயலவை முடிவு செய்தபோது வேலை என் தலையில் விழுந்தது. 112 பக்கம், 500 பிரதி, விலை 25 ரிங்கிட். ஈப்போவில் அச்சடித்தோம்.

அட்டைப் படம் கிடைத்த கதை மிகச் சிறியது. தேடுபொறியில் 'பெனோரே கெத்தா' (பால்மரம் வெட்டுபவர்) என்று மலாயில் தட்டினேன். நான்காவது வரிசையில் அது நின்றது. விடியாத நேரம், நெற்றியில் கட்டிய விளக்கு, குனிந்து மரத்தைப் பார்க்கும் ஒரு தமிழ்ப்பெண். விளக்கின் வெளிச்சம் பட்டைமீது விழ, அதில் பால் ஒரு வெள்ளை நூலாக இறங்குகிறது. கீழே மூலையில் சிறிய வெள்ளை எழுத்துகள் இருந்தன. அவற்றை வெட்டினேன். தலைப்பு இடப்பக்கம் வர வேண்டியிருந்தது, அந்தப் பெண் தலைப்பைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. அதனால் திருப்பினேன். உள்ளட்டையில் 'எங்கள் தோட்டத்துத் தாய்' என்று ஒரு வரி சேர்த்தேன். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். பதினைந்து ஆண்டுகளாக இப்படித்தான் தொழில் செய்துவந்தேன், யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

விழா முடிந்து ஒன்பதாம் நாள் முகநூல் உள்பெட்டியில் மலாயில் ஒரு செய்தி வந்தது. தைப்பிங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். படம் அவருடையது. 2011இல் கெடாவில், கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எடுத்தது. மூலப் படத்தையும் இணைத்திருந்தார். கடைசியில் ஒரு வரி: 'மரத்தை ஏன் திருப்பினீர்கள்?'

செயலவையின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இதைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாருமே வழக்கறிஞர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் நானும் ஏதோ ஒரு காலத்தில் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன் என்பதால் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

'கூகுளில்தானே கிடைத்தது' என்றார் பொருளாளர். கூகுள் படங்களுக்குச் சொந்தக்காரன் இல்லை, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற வழிகாட்டிப் பலகை. சந்தைக்கு வழி காட்டும் பலகையைப் பார்த்துவிட்டு, காசு கொடுக்காமல் மீன் எடுத்துவர முடியாது. படத்தைத் தொட்டால் கீழே பதிப்புரிமை இருக்கலாம் என்று ஒரு வரி வருகிறது. பதினைந்து ஆண்டுகளில் ஒரு நாளும் நான் அதைப் படித்ததில்லை.

'அவர் பதிவு செய்திருக்கிறாரா, கேள்' என்றார் இன்னொருவர். தேவையே இல்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படம் கலைப்படைப்புகளில் அடங்குகிறது. எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. வட்டத்துக்குள் 'சி' போடாவிட்டாலும், பெயர் எழுதாவிட்டாலும் அது இருக்கும். மைஐபிஓ என்று நாம் சொல்கிற மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் 2012 முதல் விருப்பப் பதிவு ஒன்று உண்டு. அது பின்னாளில் சான்றுக்கு உதவும், உரிமையைத் தருவது அதுவன்று. பிற நாட்டாரின் படைப்புரிமையையும் காக்கும் பெர்ன் உடன்படிக்கையில் மலேசியா 1990இல் சேர்ந்துவிட்டதால் வெளிநாட்டார் எடுத்த படத்துக்கும் இதே கதைதான். 'தமிழ்நாட்டுக்காரன் எடுத்தது, இங்கே யார் கேட்பார்' என்று சொல்வதற்கும் வழியில்லை.

'நாம் என்ன லாபத்துக்கா செய்தோம்?' என்று கேட்டவர் தலைவர். இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி. சட்டத்தின் 13ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. ஆராய்ச்சி, தனிப்பட்ட படிப்பு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவை அதில் வருகின்றன. பயன்பாடு வணிகத்துக்கா இல்லையா என்பதும் பார்க்கப்படும். ஆனால் அது நான்கு காரணிகளில் ஒன்றின் பகுதி மட்டுமே. படைப்பின் தன்மை என்ன, அதில் எவ்வளவு எடுத்தோம், அதனால் அதன் சந்தை மதிப்பு என்னவாகும் என்பனவும் இருக்கின்றன. நாங்கள் படம் முழுவதையும் எடுத்து அட்டையில் போட்டு 25 ரிங்கிட்டுக்கு விற்றோம். நல்ல காரியத்துக்காக விற்றோம் என்பது உண்மை. கோயில் அன்னதானத்துக்கு என்று சொல்லி அடுத்த வீட்டுத் தேங்காயைப் பறித்தாலும் தேங்காய் அடுத்த வீட்டுக்காரருடையதுதான்.

'பெயர் போட்டால் சரியாகிவிடும்' என்றது கடைசிக் குரல். பலர் இதை உண்மையென்றே நம்புகிறார்கள். நன்றி சொல்வதும் அனுமதி கேட்பதும் வேறுவேறு. அனுமதி கிடைத்த பிறகும் பெயர் போட வேண்டும், பெயர் போட்டதால் மட்டும் அனுமதி கிடைத்துவிடாது. 'படம்: இணையம்' என்று போடுவது இன்னும் மோசம். 'பணம்: வங்கி' என்று கணக்கு எழுதுவது போல.

அன்றிரவு சட்டத்தை எடுத்துப் படித்தபோது வயிறு கலங்கியது. இழப்பை நிரூபிக்காமலே நீதிமன்றம் ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரையிலும், மொத்தம் 500,000 ரிங்கிட் வரையிலும் ஈடு விதிக்கலாம் என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. இது மேல்வரம்புதான், எல்லாருக்கும் அவ்வளவு விதிப்பார்கள் என்று பொருளில்லை. இருந்தாலும் கடையில் இருந்த பதாகை இயந்திரத்தை ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குற்றவியல் தண்டனை தனிப் பிரிவில் இருக்கிறது, அதைப் படிக்கவே இல்லை. 25ஆம் பிரிவுதான் என்னை உண்மையில் உட்கார வைத்தது. படைத்தவர் உரிமையை விற்றுவிட்ட பிறகும் அவரிடமே தங்குகிற தார்மிக உரிமைகளைப் பற்றியது. தன் பெயர் நீக்கப்படக் கூடாது. தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பு சிதைக்கப்படக் கூடாது. பெயரை வெட்டினேன், மரத்தைத் திருப்பினேன். இரண்டையும் பத்து நிமிடத்தில் செய்தவள் நான்.

பதில் எழுதுவதற்கு முன் செய்த ஒரு காரியத்தை மட்டும் இன்றும் சரியென்று நினைக்கிறேன். கேட்பவர் உண்மையிலேயே சொந்தக்காரரா என்று பார்த்தேன். பிறர் படங்களுக்குச் சொந்தம் கொண்டாடிப் பணம் கேட்கிற ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள். வந்த இணைப்பைச் சொடுக்காமல், கேட்ட கணக்குக்குப் பணம் போடாமல், முதலில் மூலக்கோப்பைக் கேட்க வேண்டும். இவர் வெட்டாத முழுப் படத்தை, நான் எடுத்ததைவிடப் பல மடங்கு பெரிய அளவில் அனுப்பியிருந்தார். அதே விடியலில் எடுத்த வேறு ஆறு படங்களும் இருந்தன. திருடியவனிடம் ஒன்றுதான் இருக்கும், எடுத்தவரிடம் முன்னும் பின்னும் இருக்கும்.

பிறகு எழுதினேன். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. தவறு என்னுடையது, செயலவைக்கு இது தெரியாது, மீதிப் பிரதிகளின் விற்பனையை நிறுத்திவிட்டேன், முகநூலில் இருந்த அட்டையை எடுத்துவிட்டேன், நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். குழுவில் சிலர் 'பதில் போடாதே, தானாக அடங்கிவிடும்' என்றார்கள். மௌனம் காத்திருந்தால் அவர் முகநூல் நிறுவனத்திடம் நேராக முறையிட்டிருக்கலாம். முறைப்படி அறிவிப்பு கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் அதை அணுக முடியாதபடி செய்ய வேண்டும் என்று நம் சட்டமே இணையச் சேவை தருவோருக்குச் சொல்கிறது. எங்கள் ஒன்றுகூடல் பக்கத்துக்கு அப்படி ஓர் அடையாளம் வேண்டாம் என்று நினைத்தேன்.

தைப்பிங்கில் ஒரு கோப்பிக்கடையில் சந்தித்தோம். நான் மலரைக் கொண்டுபோயிருந்தேன். அவர் தாள்கள் வைக்கும் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பணத்தைப் பற்றி அவர் முதல் அரை மணி நேரம் பேசவே இல்லை. 'எங்கள் தோட்டத்துத் தாய்' என்ற வரியை ஒருவரிடம் கேட்டுப் பொருள் தெரிந்துகொண்டு வந்திருந்தார். "இந்த அம்மா உங்கள் தோட்டத்துக்கு வந்ததே இல்லை" என்றார். கூலிமில் பிறந்து அங்கேயே வேலை செய்து ஓய்வு பெற்றவராம். அவருடைய பெயரைச் சொன்னார், பிள்ளைகள் எத்தனை என்று சொன்னார். அந்த நாள்களில் ஆசிரியர் மூன்று நாள் தொடர்ந்து விடியலில் போய் நின்று, அந்த அம்மாவிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்டுவிட்டுத்தான் கேமராவை வெளியே எடுத்திருக்கிறார். படத்தைச் சட்டகத்தில் போட்டு அந்த அம்மாவின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எங்கள் மலரின் அட்டையை அந்த அம்மாவின் பேரன் பார்த்துவிட்டுத்தான் ஆசிரியருக்கு அனுப்பினானாம்.

கோப்பி ஆறிப்போனது. நான் ஒரு படத்தைத்தான் எடுத்தேன் என்று எண்ணியிருந்தேன். ஒரு பெண்ணின் ஊரையும் பெயரையும் சேர்த்தே எடுத்து, இல்லாத ஓர் ஊரை அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

முடிவில் 600 ரிங்கிட் கேட்டார். விற்காத பிரதிகள் அனைத்திலும் அவர் பெயரும் சரியான விளக்கமும் கொண்ட ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும், மறுபதிப்பில் படம் திருப்பப்படாமல் வர வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டோம். 310 பிரதிகளில் ஒட்டுத்தாளை என் கையாலேயே ஒட்டினேன். 600 ரிங்கிட்டில் பாதியைச் செயலவை தருவதாகச் சொன்னது. இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

அதன் பிறகு கடையில் பழக்கங்கள் மாறின. ஒரே நாளில் இல்லை. 'பக்கத்துக் கடையில் கேட்காமலேயே செய்து தருகிறார்களே' என்று எழுந்து போன வாடிக்கையாளர்கள் உண்டு.

ஒரு படத்தோடு யாராவது வந்தால் முதலில் அது எங்கே பிறந்தது என்று தேடுகிறேன். கூகுள் லென்ஸில் ஏற்றினால் அதே படம் இருக்கும் இடங்கள் வருகின்றன. டின்ஐ என்ற படத்தேடல் தளத்தில் பழையது முதலில் வரும்படி அடுக்கிப் பார்க்கலாம். பெரும்பாலும் மூலத்துக்கு அருகில் கொண்டுபோய் விட்டுவிடும். படங்களைச் சேர்த்து வைக்கும் தளமான பின்டரஸ்டோடு நின்றுவிட்டால் தேடல் முடியவில்லை என்று பொருள், அங்கே இருப்பவை பெரும்பாலும் வேறிடத்திலிருந்து யாரோ குத்தி வைத்தவை. மூலம் தெரியாத படத்தை விட்டுவிடுகிறேன். 'சொந்தக்காரர் யாரென்று தெரியவில்லை' என்பதைச் 'சொந்தக்காரர் இல்லை' என்று படிப்பது நம் வசதிக்கான படிப்பு.

இலவசமாகக் கிடைப்பவற்றில் எனக்கு அதிகம் உதவுவது 2004இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையத் தொகுப்பு. வணிகப் பயன்பாட்டுக்கும் மாற்றி அமைப்பதற்கும் அனுமதி உள்ள படங்களைத்தான் அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால் தலைவலி குறைவு. ஆனாலும் ஒவ்வொரு படத்தின் கீழும் இருக்கும் உரிமத்தைப் படித்தாக வேண்டும். தம் படைப்பை எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் ஈரெழுத்துச் சுருக்கங்களை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பிஒய் (BY) என்றால் எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். என்சி (NC) என்றால் வணிகத்துக்கு ஆகாது, விலை போட்டு விற்கும் மலருக்கு அந்தப் பக்கமே போவதில்லை. என்டி (ND) என்றால் மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மரம் நினைவுக்கு வருகிறது. எஸ்ஏ (SA) என்றால் மாற்றியமைத்து வெளியிடும் வடிவத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். பெயர் போடும்போது படத்தின் தலைப்பு, எடுத்தவர், எங்கிருந்து எடுத்தோம், எந்த உரிமம் என்ற நான்கும் வர வேண்டும். மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

பிக்சபே, பெக்செல்ஸ், அன்ஸ்பிளாஷ் போன்ற இலவசப் படத் தளங்கள் பூ, வானம், விளக்குக்கு நல்லவை. மனிதர்கள் இருக்கும் படம் என்றால் தயங்குகிறேன். எடுத்தவரின் அனுமதி அந்தத் தளத்தில் கிடைக்கலாம், படத்தில் இருப்பவரின் சம்மதத்தைத் தளம் உறுதி செய்வதில்லை. மருந்து விளம்பரத்தில் அந்த முகத்தைப் போட்டால் பிரச்சினை வேறு வழியில் வரும். போதாக்குறைக்கு 'தமிழ்க் குடும்பம்' என்று தேடினால் வருபவர்களின் சேலைக்கட்டு நம் ஊர்க் கட்டாகவே இருப்பதில்லை. என் அக்காள் மகன், செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாம் என்று ஒரு படம் செய்து காட்டினான். அதில் மங்கு கோட்டுக்கு மேலே தொங்கியது. பால் மேல்நோக்கி ஏறும் தோட்டம் எங்கே இருக்கிறதோ, அங்கே அதைப் போடலாம்.

பழைய செய்தித்தாள் படங்களிலும் கவனம் வேண்டும். எங்கள் மலரில் 1948ஐப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அவ்வாண்டு ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டின் எல்ஃபில் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் மூவர் கொல்லப்பட்டதும் அதையொட்டி அவசரகாலம் பிறந்ததும் எங்கள் பாட்டிமார் கதையாகச் சொல்லிக் கேட்டவை. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் அக்காலத்து நாளிதழ்களைத் தேடிப் படிக்க முடிகிறது. ஆனால் இலவசமாகப் படிக்கலாம் என்பதால் அதிலுள்ள படத்தை வெட்டி மலரில் போட்டுவிட முடியாது. செய்தியை என் சொற்களில் எழுதினேன், நாளிதழின் பெயரையும் தேதியையும் குறித்தேன், படத்தை விட்டுவிட்டேன்.

நாமே எடுத்துக்கொள்வதைப் போல நிம்மதி வேறில்லை. கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். இணையத்தில் அதன் படத்தைத் தேடி ஒரு மாலையை வீணாக்கிய பிறகுதான், போய் எடுத்துவரலாமே என்ற அறிவு எனக்கு வந்தது.

குடும்பப் படங்களில்தான் சட்டம் எனக்கு வியப்பளித்தது. ஓர் அண்ணன் 1991இல் நடந்த தம் திருமணப் படத்தைக் கொடுத்தார். பின்னால் பட்டணத்து ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை இருந்தது. ஸ்டூடியோவைக் கேட்க வேண்டுமோ என்று குழம்பினேன். 26ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குப் போய்விடுகிறது. திருமணப் படம் திருமண வீட்டாருடையது. தைப்பிங் ஆசிரியரின் நிலை வேறு. அவரை யாரும் அமர்த்தவில்லை, தாமாகப் போய் எடுத்தார், ஆகவே அவருடையது. ஒரே கேள்விதான்: எடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தது யார்? இப்போது என் கடையில் வடிவமைப்பு செய்யும்போதும், ஒளிப்படக்காரரை அமர்த்தும்போதும் இதை முன்கூட்டியே எழுதிக்கொள்கிறேன்.

இனி ஒரு பெரட்டுப் படம். பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுப்பது. இரண்டாம் பதிப்புக்காகத் தேடியபோது புலனக் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்த ஒன்று கையில் கிடைத்தது. அறுபதுகளில் எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பதினான்கு பேர் நிற்கிறார்கள். பலமுறை கைமாறி மங்கிய படம். முன்பென்றால் அப்படியே கூர்மையாக்கிப் போட்டிருப்பேன். இம்முறை யாரிடமிருந்து வந்தது என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனேன். நான்காவது ஆள், "இது பழைய கிராணியார் எடுத்ததாயிற்றே" என்றார். கிராணியார் என்றால் தோட்டத்துக் கணக்கர். கிராணியாரிடம் சொந்தக் கேமரா இருந்ததாம். அவர் 1988இல் இறந்துவிட்டார். கலைப்படைப்பின் உரிமை எடுத்தவரின் ஆயுளுக்கும் அதன் பின் 50 ஆண்டுக்கும் நீடிக்கிறது. எனவே 2038 முடியும்வரை அது அவருடைய வாரிசுகளிடம் இருக்கும். மகள் கிள்ளானில் இருப்பதாகத் தெரிந்தது.

எந்தப் படம், எந்த நூலில், எத்தனை பிரதி, விலை என்ன, முகநூலிலும் போடுவோமா, தந்தையின் பெயரை எப்படி எழுதுவது என்று எல்லாவற்றையும் சொல்லி ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். பதிலையும் எழுத்தில் கேட்டேன். தொலைபேசியில் 'போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொன்னது ஐந்து ஆண்டு கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

அந்த அக்காள் அனுமதி தந்ததோடு நிற்கவில்லை. மூலப் படத்தை இருபுறமும் ஸ்கேன் செய்து அனுப்பினார். பின்புறத்தில் கிராணியாரின் கையெழுத்தில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன. புலனக் குழுக்களில் சுற்றியதில் முன்புறம் மட்டும்தான் வந்திருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பு பார்த்த பழைய அஞ்சலட்டைகளை நினைத்தேன். சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய லாம்பெர்ட் ஸ்டூடியோ போன்றவர்கள் அக்காலத்து மலாயாவில் எடுத்த படங்கள் லெய்டன் பல்கலைக்கழகத் தொகுப்பில் இணையத்திலேயே இருக்கின்றன. அவற்றின் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அக்காலத்து அஞ்சலட்டைகளில் நம்மவர்கள் நிற்பார்கள். கீழே இனத்தின் பெயரும் ஸ்டூடியோவின் பெயரும் இருக்கும், நிற்பவரின் பெயர் இருக்காது. துரைகள் செய்தது என்று எத்தனை முறை கோபப்பட்டிருக்கிறேன். இங்கே ஒரு தமிழ்க் கிராணியார் பின்புறம் பெயர் எழுதி வைத்திருக்கிறார். அதை முன்புறம் மட்டும் படமெடுத்துச் சுற்றுக்கு விட்டவர்கள் நாம்தான்.

கையெழுத்தில் பன்னிரண்டு பெயர்கள் தெளிவாக இருந்தன. ஒன்று ஈரம் பட்டு அழிந்திருந்தது. கடைசியில் நிற்பவருக்குக் கிராணியாரே பெயர் எழுதவில்லை. அச்சுக்கு முன் மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு தாத்தாவின் வீட்டுக்குப் போனேன். அழிந்த பெயரை அவர் உடனே சொன்னார். கடைசியில் நிற்பவரை நெடுநேரம் பார்த்தார்.

"ஆறு மாதம் வேலை செய்தான். பிறகு காணவில்லை. ஐயாவு என்றோ ஐயாசாமி என்றோ சொன்ன நினைவு. நிச்சயமில்லை, போடாதே."

'பெயர் தெரியவில்லை' என்று அவர் எதிரிலேயே எழுதினேன். அவர் அதைப் படிக்கவில்லை. மாதிரிப் பக்கத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து, ஆட்களுக்குப் பின்னால் நின்ற மரத்தில் விரலை வைத்தார். இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழ்வரை கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.